எவருடைய அவசரம்?

சர்க்கார் அலுவலகங்கள் ஆமை நடை நடப்பன என்பது நம்மவர் நாவில் நாடோறும் வழங்கிவரும் பேச்சு. விண்ணப்பம் கொடுத்தவன் வருஷக்கணக்கில் காத்திருப்பதும், ‘இன்னும் உத்தரவு வரவில்லை’ என்ற பதிலைக் கேட்டுத் தலைகுனிந்து திரும்புவதும், வெயிலும் மழையும் போல இயற்கை நியதி என்றே பலரும் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். இவ்வெண்ணம் தவறு என்று கூறவே நாம் இங்கு முன்வந்தோம். இந்நாட்டில் தமிழர் குடிபுகுந்த வரலாற்றை, அவ்வரலாற்றுக்குத் தலைவாயிலாக இருந்த போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் நின்று நோக்குவோமாயின், குடிநுழைவுக் காகிதங்கள் குதிரை வேகத்தில் ஓடிய காலமும் உண்டு, கல்லாய்க் கிடந்த காலமும் உண்டு என்பது விளங்கும். அவை ஓடியதும் கிடந்ததும் அவசரம் எவருக்கு நேர்ந்தது என்பதைப் பொறுத்தே இருந்தன.

இத்துறைமுகம் 1901-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபொழுது, அந்நாளைய ரெசிடெண்ட் ஜெனரலாக இருந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் துரையின் பெயரால் போர்ட் சுவெட்டன்ஹாம் எனப் பெயர் பெற்றது. 1972-இல்தான் போர்ட் கிள்ளான் ஆயிற்று. ரப்பருக்குக் கிராக்கி ஏறிய காலத்தில் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் இவ்வழியாகவும், பினாங்கு வழியாகவும் வந்திறங்கினர். அவர்கள் எவ்வாறு வந்தனர் என்பதைச் சற்று நின்று பார்த்தல் வேண்டும். கங்காணிக்கு லைசென்ஸ் ஒன்று இங்கே கொடுக்கப்பட்டது. அவன் தன் ஊருக்குச் சென்று ஆள் சேர்த்தான். கிராம முன்சீபு கையொப்பமிட்டார். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் ஆட்களை நிறுத்தி, டாக்டர் பார்த்து, அம்மை குத்திக் கப்பலேற்றினர். இக்கரையில் தொற்றுத் தடை முகாமில் சில நாள். பின்னர்த் தோட்டத்து ஆள் வந்து பெயரைக் கூப்பிட்டு அழைத்துச் சென்றான். கப்பற் கூலி தொழிலாளியின் கையிலிருந்து போகவில்லை. 1907-இல் ஏற்பட்ட குடியேற்ற நிதிக்கு, வேலைக்கு அமர்த்திய ஆட்களின் கணக்கின்படி தோட்டக்காரர்கள் வரி செலுத்தினர். அந்நிதியே கூலியைக் கட்டியது.

1926-ஆம் ஆண்டில் மட்டும் இவ்வாறும், தம் சொந்தச் செலவிலும் இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு வந்தோர் ஏறத்தாழ 1,75,000 பேர். தம் பெயரைத் தாமே எழுதத் தெரியாத இத்துணைப் பெருங்கூட்டத்தாருக்கும் காகித வேலை நடந்தேறியது. அதுவும் கணிப்பொறி இல்லாத காலத்தில், பேனாவும் மையும் கொண்டு! ‘உன் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கின்றது, ஆறு மாதம் பொறு’ என்று அவருள் எவருக்கும் யாரும் சொல்லவில்லை. பால் வடிந்துகொண்டிருந்தது, மரம் காத்திராது, அவ்வளவுதான் காரணம்.

1930-இல் ரப்பர் விலை சரிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் உதவிபெற்று வருவோரின் வரவு நிறுத்தப்பட்டது. அதன்பின் மூன்றாண்டுகளுக்குள் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளரை அதே கப்பல்களில் திருப்பி அனுப்பினர். வந்த வேகம் போகும்பொழுதும் குறையவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்கும் இழிவு ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டு, அவ்வாண்டிலேயே நாடு கடத்தப்பட்டார். சைக்கிள் ஓட்டும் உரிமையைக் கேட்ட மனுவுக்குப் பதில் எழுத நேரமில்லாத சர்க்காருக்கு, கேட்டவரைக் கப்பலேற்றும் உத்தரவை எழுத நேரமிருந்தது.

நிற்க. இதுகாறும் கூறியது சர்க்காரின் அவசரம். இனித் தொழிலாளியின் அவசரத்தைக் காண்போம்.

1952-ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டம் 1953 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதுவரை பிரிட்டிஷ் பிரஜை என்ற பெயரால் அக்கரைக்கும் இக்கரைக்கும் பெருந் தடையின்றிப் போய்வந்த நம்மவருக்கு, அன்று முதல் கடல் நடுவே ஒரு மதில் எழுந்தது. இந்நாட்டில் இருபது முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவனும் ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டுமாயின் மீள்நுழைவு அனுமதி ஒன்றை முன்கூட்டியே பெற்றிருத்தல் வேண்டும். சட்டப்புத்தகத்தில் இஃது ஒரு சிறு விதி. லயத்து வீட்டில் இதன் பொருள் வேறு.

ஊரிலிருந்து தந்தி வருகின்றது. தாய் ஆபத்தான நிலையில் இருக்கின்றாள். தந்தி தோட்டத்துக்கு வந்து சேர்வதற்கே ஒன்றிரண்டு நாள் ஆகிவிடும். கப்பலோ நினைத்தபொழுது கிடைப்பதன்று. ‘ரஜூலா’ ஒன்று போய்விட்டால் அடுத்ததற்குப் பல நாள் காத்திருக்க வேண்டும். பாஸ்போர்ட்டு எடுக்கவும், அனுமதி கேட்கவும் கோலாலம்பூருக்குப் போக வேண்டும். போகும் நாளின் கூலி போயிற்று. போய் நின்றால் இன்ன காகிதம் இல்லை என்பார்கள். அதை எடுத்துவர மறுநாட் கூலியும் போயிற்று. இவ்வளவுக்கும் பிறகு கப்பல் புறப்படும் நாள்வரை அனுமதி கைக்கு வராவிட்டால் அவன் முன்னே இரண்டு வழிகளே உண்டு: பெற்றவளின் முகத்தைக் காணாமல் இங்கேயே இருந்துவிடுவது, அல்லது அனுமதியின்றிப் போய், பெண்டு பிள்ளைகள் வாழும் நாட்டுக்குத் திரும்பும் உரிமையை இழப்பது. அனுமதி பெற்றுச் சென்றவர்களுக்கும் கெடு உண்டு. தகப்பனின் கருமாதி, பங்காளிகளோடு நிலத் தகராறு, தங்கையின் கலியாணம் என்று ஊரில் தங்கிக் கெடுவைத் தாண்டிவிட்டு, நாகப்பட்டினத்துக் கரையில் கைபிசைந்து நின்றவர்களின் குடும்பங்களை அறியாத தோட்டம் இராது.

இத்தகைய அவசரத்தில் நம்மவர் எழுதிய மனுக்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தோட்டத்துக் கிராணியாரோ, பட்டணத்து மனு எழுதுவோரோ எழுதித் தந்த அக்காகிதங்களில் ‘ஏழை’ என்ற சொல்லும், ‘தங்கள் பாதமே கதி’ என்ற வணக்கமும் நிறைந்திருக்கும். தகப்பன் இறந்ததும் தாய் படுத்ததும் உருக்கமாகவே சொல்லப்பட்டிருக்கும். ஆனால் கப்பல் எந்தத் தேதியில் புறப்படுகின்றது, மனுதாரன் இந்நாட்டுக்கு எந்த ஆண்டில் வந்தான், எந்தத் தோட்டத்தில் எத்தனை ஆண்டு வேலை செய்தான், உத்தரவு எந்த நாளுக்குள் கிடைக்காவிடில் என்ன நட்டம் என்பன இரா. கண்ணீரைக் கண்டு இரங்கும் அதிகாரி ஒருவர் இருக்கலாம். இரங்காத அதிகாரி ஒன்பதின்மர் இருப்பர். தேதியும் சான்றும் எதிரே கிடந்தாலோ, இரக்கமற்றவரும் அவற்றைத் தாண்டிப் போவது கடினம். துரையின் கடிதம் ஒன்று இணைந்திருந்தால் அதே மனு விரைவாக நகர்ந்ததென்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அதில் வியப்பென்ன? ‘இவன் இன்ன தேதிக்குள் திரும்பிவராவிட்டால் என் மரங்கள் வெட்டப்படாமல் நிற்கும்’ என்று துரை எழுதினார். அவசரம் மீண்டும் தோட்டத்தின் அவசரமாயிற்று.

1957 ஆகஸ்டு 31-இல் நாடு விடுதலை பெற்றது. அன்று முதல் ஓராண்டுக் காலம் நம்மவருக்கு ஒரு கதவு அகலத் திறந்திருந்தது. விடுதலை நாளன்று இங்கு வாழ்ந்தவரும், முந்திய 12 ஆண்டுகளில் 8 ஆண்டு இந்நாட்டில் வசித்தவருமான ஒருவர், வயது முதலிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு அவ்வோராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய் மொழித் தேர்வின்றியே பிரஜாவுரிமை பெறலாம் என்று அரசியலமைப்பு வகுத்திருந்தது. இங்கே பிறந்தோருக்கு வசிப்புக் காலம் அதனினும் குறைவு. 1958 ஆகஸ்டு கழிந்தபின் அதே மனிதர் அதே உரிமைக்கு மொழித் தேர்வு எழுத வேண்டும். எழுத்தறியாத பால்வெட்டுத் தொழிலாளிக்கு இவ்விரண்டு நிலைகளுக்கும் உள்ள தூரம், கிள்ளானுக்கும் நாகப்பட்டினத்துக்கும் உள்ள தூரம்.

பட்டணத்தார் பலர் அவ்வாண்டில் விழித்துக்கொண்டனர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ்களில் வாழ்ந்தோருக்கு அலுவலகம் அருகில். படித்த பிள்ளை வீட்டில். பாரம் நிரப்புவது பெரும்பாடன்று. அக்கரையான சிங்கப்பூரிலும் 1957-இல் தனிப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபொழுது, ‘தமிழ் முரசு’ நடத்திய கோ. சாரங்கபாணி அவர்கள் நம்மவரைப் பதிந்துகொள்ளும்படி இடைவிடாது தூண்டினார். தோட்டங்களின் நிலை வேறு. ‘நாலு காசு சேர்ந்ததும் ஊருக்குப் போய்விடப் போகிறோம், நமக்கேன் இந்த நாட்டுக் கடுதாசி?’ என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது தலைமுறையைப் பெற்றெடுத்தவர்கள் அங்கே இருந்தனர். பட்டணம் போனால் கூலி போகும். இந்நாட்டுக்கு வந்த தேதிக்குச் சான்று இல்லை. கங்காணியின் பற்று வரவில் இருந்த தேதி கங்காணியோடு போயிற்று.

இங்கு நம்மவரின் குறையையும் மறைக்காமல் சொல்லுதல் கடமையாகும். பிள்ளை பிறந்த நாழிகையைக் கேட்டு ஜோசியனிடம் ஓடி, அவன் கட்டம் போட்டுத் தந்த ஜாதகத்தை மஞ்சள் தடவிப் பெட்டியின் அடியில் பத்திரப்படுத்தினார்கள். அதே பிள்ளையின் பிறப்புப் பத்திரம் கூரை ஓட்டையின் கீழே நனைந்து கரைந்தது. பல வீடுகளில் அது எழுதப்படவே இல்லை. எந்தப் பதிவு இலாகாவும் ஜாதகத்தைச் சான்றாக ஏற்றதாக நாம் கேள்விப்பட்டதில்லை. 1929-ஆம் ஆண்டின் இறுதியில் ஈ.வெ.ரா. அவர்கள் மலாயாவுக்கு வந்து பேசிச் சென்றதும், அதன் பின்னர்ச் சீர்திருத்தச் சங்கங்கள் முளைத்ததும் நம்மவர் அறிந்தனவே. அவர்கள் கண்டித்த மூடப்பழக்கங்களின் விலை வெறும் கற்பூரக் காசு மட்டும் என்று நினைத்தோருக்கு, இதைவிட நல்ல பாடம் வேறு கிடையாது.

அவ்விலை 1969-இல் கேட்கப்பட்டது. பிரஜைகள் அல்லாதார் வேலை செய்வதற்குப் பர்மிட் பெறவேண்டும் என விதித்த சட்டம் 1968-இல் இயற்றப்பட்டிருந்தது. 1969 மே 13-இல் கோலாலம்பூரில் நேர்ந்த கலவரத்துக்குப் பின், வேலையின்மையைத் தீர்க்கும் வழிகளுள் ஒன்றாக அச்சட்டம் முனைந்து செயற்படுத்தப்பட்டது. நேற்றுவரை விடியற்காலையில் மரத்தடிக்குப் போன தொழிலாளியிடம் இன்று ‘உன் பர்மிட் எங்கே?’ என்று கேட்டார்கள். கையில் சிவப்பு அட்டை இருந்தது. அது குடியிருக்கும் உரிமையைத் தந்தது. வேலை செய்யும் உரிமையைத் தரவில்லை. பர்மிட்டுக்குக் கால வரையறை உண்டு. கெடு முடியும்முன் புதுப்பிக்க வேண்டும். உள்ளூர்ப் பிரஜை ஒருவர் கிடைப்பாராயின் புதுப்பிக்க மறுக்கலாம். இதற்கு முன்னரே வெள்ளையர் தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பட்டமையால், நம்மவர் குடியிருப்பே ஆட்டங்கண்டிருந்தது. அதைத் தடுக்கவே வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அக்காயம் ஆறுமுன் இது வந்தது.

அப்பொழுதுதான் பிரஜாவுரிமை விண்ணப்பத்தை விரைந்து முடித்துத் தருமாறு நம்மவர் நெருக்கினர். பதினோராண்டுக்கு முன் ஒரு நாள் கூலியை விட மனமின்றி விட்ட காகிதத்துக்காக, இப்பொழுது எல்லாக் கூலியும் தொங்கியது. ஆனால் ஒரு கையால் கெடு வைத்த சர்க்கார், மறு கையால் அக்கெடுவுக்குள் விண்ணப்பத்தை முடித்துத் தர எந்த ஏற்பாட்டையும் செய்யவில்லை. பர்மிட்டின் கடிகாரம் மாதக் கணக்கில் ஓடியது; பிரஜாவுரிமையின் கடிகாரம் ஆண்டுக் கணக்கில் ஓடியது. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவனை, முடிவு தெரியும்வரை வேலையினின்று நீக்கலாகாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் பல குடும்பங்கள் தப்பியிருக்கும். அவ்வரி எழுதப்படாத குறையையே நாம் பெருங்குறை என்கின்றோம். சட்டத்தின் கடுமை அதற்கு அடுத்ததுதான்.

முடிவு யாவரும் அறிந்ததே. அக்காலத்தில் இந்தியாவுக்குப் போய்விட்ட தொழிலாளர் ஏறத்தாழ 60,000 பேர் என்பர் ஆராய்ச்சியாளர். தகர டிரங்குப் பெட்டிகளும், பாய்களும், தையல் மிஷின்களும் போர்ட் சுவெட்டன்ஹாம் துறையில் குவிந்தன. ‘ரஜூலா’வும் ‘ஸ்டேட் ஆப் மெட்ராஸும்’ அவர்களை ஏற்றிச் சென்றன. போனவருள் பலருக்கு அது திரும்பிப் போதலன்று. இங்கே பிறந்து, ஊரின் பெயரைத் தாய் சொல்லக் கேட்டதன்றி அதைக் கண்ணால் காணாதவர்கள் அவர்கள். குடும்பத்துள் அண்ணனுக்கு நீல அட்டை, தம்பிக்குச் சிவப்பு அட்டை என்றிருந்த வீடுகள் துறைமுகத்தில் இரண்டாகப் பிரிந்தன.

மலேசியாவை மட்டும் இதற்காகக் குற்றங்கூறுவது நீதியாகாது. இலங்கை மலைநாட்டில் நம் இனத்தாருக்கு நேர்ந்தது இதனினும் கொடிது. 1949-இன் சட்டப்படி விண்ணப்பிக்க இரண்டாண்டு கெடு வைத்தார்கள். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. ஆண்டுகள் பல கடந்து அவற்றுள் ஏறத்தாழ 1,34,000 பேரே ஏற்றுக்கொள்ளப்பட்டனர். எஞ்சியோரை இரு நாடுகளும் 1964-இல் பங்கு பிரித்தன. அவர்களின் வழக்கு முற்ற முடிய 2003-இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. ஆமையின் சிறுமை அங்கே. பிரிட்டனிலோ முயலின் சிறுமை: கென்யாவிலிருந்து இந்திய வமிசத்தார் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு வரத் தொடங்கியதும், அவர்களைத் தடுக்கும் சட்டத்தை 1968-இல் பார்லிமெண்டு மூன்றே நாளில் நிறைவேற்றியது. எனினும் வேகம் நன்மைக்கும் பயன்படும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1972-இல் இடி அமீன் உகாண்டாவின் ஆசியரை 90 நாளில் வெளியேறச் சொன்னபொழுது, கனடா தன் அதிகாரிகளைக் கம்பாலாவுக்கே அனுப்பியது. அவர்கள் அங்கே மேசை போட்டு உட்கார்ந்து, சில வாரங்களுக்குள் ஆயிரக்கணக்கானோருக்கு விசா எழுதிக் கொடுத்து விமானமேற்றினர். கெடுவுக்குள் முடிக்க வேண்டும் என்று மேலிடம் நினைத்தது, முடிந்தது. 1969-இல் தோட்டந்தோறும் அவ்வாறு ஒரு மேசை போட்டிருக்கலாகாதா என்பதே நம் கேள்வி.

இஃதெல்லாம் பழங்கதை என்று இளைஞர் ஒதுக்கிவிட வேண்டா. 1976-இன் திருமணச் சட்டம் 1982 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபின், கோயிலில் தாலி கட்டியது மட்டும் சட்டத்தின் கண்ணில் திருமணமாகாது, பதிவு வேண்டும். பதிவில்லாத தம்பதியின் பிள்ளை, பிரஜாவுரிமை விஷயத்தில் தாயைப் பின்பற்றும். தந்தை நீல அட்டைக்காரராயினும் தாய் அட்டையே இல்லாதவளாக இருப்பின், இம்மண்ணில் பிறந்த குழந்தை எந்நாட்டாருமின்றி நிற்கும். பதிவுத் திருமணத்தைச் சீர்திருத்தக்காரர் வற்புறுத்தியபொழுது ‘ஐயரில்லாத கலியாணமா?’ என்று நகைத்தவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று பதிவு இலாகாவில் வரிசையில் நிற்கின்றார்கள். 12 வயதில் அட்டை எடுக்கச் சென்ற பின்னரே பல பெற்றோருக்குச் செய்தி தெரிகின்றது. அதன்பின் பள்ளியும் பரீட்சையும் பாஸ்போர்ட்டும் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும்பொழுது, ‘விரைந்து தாருங்கள்’ என்று மனு எழுதுகின்றார்கள். சிறப்புச் சூழ்நிலைகளில் குறித்த வயதுக்குட்பட்டோரைப் பிரஜையாகப் பதிய அரசியலமைப்பின் 15ஏ பிரிவு சர்க்காருக்கு அதிகாரம் தருகின்றது. எது சிறப்புச் சூழ்நிலை என்று நிச்சயிப்பதும் சர்க்காரே. எத்தனை நாளில் என்று அப்பிரிவு கூறவில்லை. பிள்ளை அவ்வயதை எட்டிவிட்டால் அவ்வழி அடைபடுகின்றது. பர்மிட்டுக் கெடுவின் மறுபிறப்பென்றே இதைச் சொல்லலாம். ஆதலின் இவ்வழியே போகும் பெற்றோர் தம் மனுவின் முதல் வரியிலேயே பிள்ளையின் வயதையும், அவ்வயது வரம்பு நிறையும் தேதியையும் எழுதுவாராக. முன்னைய விண்ணப்பத்தின் எண்ணையும், கொடுத்த நாளையும் எழுதுவாராக. பள்ளித் தலைமையாசிரியரின் கடிதத்தை இணைப்பாராக. தரகனிடம் கொடுக்கும் பணத்தை அதே பிள்ளையின் படிப்புக்குச் செலவிடுவாராக.

1957-58-இல் தவறிய விண்ணப்பங்களின் கணக்கு எப்பொழுது தீர்ந்தது? 2018-இல், சிவப்பு அட்டை வைத்திருந்த 60 வயதுக்கு மேற்பட்ட இந்திய வமிசத்தார் 3,407 பேருக்குப் பிரஜாவுரிமை வழங்கப்படும் என்று சர்க்கார் அறிவித்தது. மொழித் தேர்வும் அவர்களுக்கு வேண்டாமென்றார்கள். 1958 ஆகஸ்டில் மூடிய அதே கதவு. வயதைக் கணக்கிட்டுப் பாருங்கள். அக்கதவு முதன்முதல் திறந்திருந்த ஓராண்டில் அம்முதியவர்களுள் பலர் ஆயாக் கொட்டகையில் தொட்டிலில் கிடந்திருப்பார்கள். சிலர் தாயின் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்திருப்பார்கள்.